ஊர்ச் சட்டி

கரட்டுப்பட்டி ஊராட்சித் தலைவர் சடையாண்டி, வெயில் ஏறும் முன்பே மலையடி மடத்துக்கு வந்து நின்றார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“சாமி, தூக்கம் போச்சு.”

“பதவி போனா தூக்கம் வரும்னு அப்பவே சொன்னேனே, தலைவரே.”

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு அந்த ஊர் காய்ச்சும் களிம்புக்கு, வெளியூர்க் கம்பெனி ஒன்று, கலவை முழுதாகத் தெரியாமலே, தனக்கே உரிமை கேட்டு மனுப் போட்டிருந்தது. கிடைத்துவிட்டால், ஊர் தன் களிம்பைக் காய்ச்சவே கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டும். கிராம சபையில் முழுக் கலவையையும் சொல்லி, ஊர்ப் பெயரில் தீர்மானம் போட்டால் தடுக்கலாம் என்றார் மனுவை விசாரிக்க வந்த அதிகாரி. அங்கேதான் சிக்கல். முதல் மழை விழுந்ததும் ஒவ்வொரு வீடும் தன் பச்சிலையைக் கதவடைத்து அரைக்கும். கைப்பிடிக்குள் மூடிக் கொண்டுவந்து பொதுச் சட்டியில் போடும். போட்டபின் வெறுங்கையை விரித்துக் காட்டும். ஒரு வீட்டுப் பச்சிலை மறு வீட்டுக்குத் தெரியாது.

“வீடு வீடாப் போய்க் கேட்டேன் சாமி. தலைவராச்சேன்னு நம்பிக் காதுல சொன்னாங்க. நாளைக்குச் சபை. சொன்னா துரோகம். சொல்லாட்டி களிம்பு போச்சு.”

“கம்பெனி ஆள் ஊருக்கு வந்தானா?”

“முன்னாடி தெருத்தெருவா அலைஞ்சான். ஆளுக்கொரு பொய் சொல்லி விரட்டுனாங்க. ஒருத்தி ஊமத்தங்காய்னே சொல்லிட்டா.”

“அப்புறம்?”

“நேத்தும் வந்தான்.”

“எத்தனை வீட்டுக்கு?”

சடையாண்டி தரையைப் பார்த்தார். “என் வீட்டுக்கு மட்டும்.”

“என்ன சொன்னீங்க?”

“தெரியாதுன்னேன். சிரிச்சுட்டு, மறுபடி வர்றேன்னு போனான்.” குரல் தாழ்ந்தது. “மக கல்யாணத்தைப் பத்தி விசாரிச்சான், சாமி. எனக்கு என் மேலயே பயமா இருக்கு.”

குரு அவருடைய வலது கையை எடுத்து, விரல்களை மடக்கி மூடினார். “திறக்காதீங்க.” கஞ்சியை முன்னால் வைத்தார்.

சடையாண்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சி ஆறி ஏடு கட்டியது. மணிக்கட்டு வலித்தது.

“எவ்வளவு நேரம் சாமி இப்படியே வச்சிருக்கிறது?”

“உங்க ஊர்ல எவ்வளவு நேரம் வச்சிருப்பாங்க?”

“சட்டி வரைக்கும்.”

“அடுத்த வீட்டுக்காரங்க பச்சிலையை யாராவது வாங்கிட்டுப் போய்ப் போட்டதுண்டா?”

“அது எப்படி சாமி? அவங்கவங்கதான் போடணும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாளை அதிகாரி முன்னால், வீட்டுக்கு ஒருவராக எழுந்து, தங்கள் பச்சிலையைத் தாங்களே சொல்ல வேண்டும். சொல்வார்களா? ஊர் முழுக்கக் கேட்க?

“ஒரு வீடு வாய் திறக்கலேன்னாலும் களிம்பு ஆகாதே, சாமி.”

“ஆகாது.”

“அவங்கவங்களே சொல்லிட்டா, தலைவன்னு நான் எதுக்கு?”

குரு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

“சட்டி கவிழாமப் பிடிச்சுக்க ஆள் வேணாமா?”