ஈரம் படாத கல்துறை

முன்னொரு காலத்திலே, எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாத ஏரி ஒன்று இருந்தது. ஆயிரங்கண் ஏரி என்று அதற்குப் பெயர். அதன் கரையில் கொக்குத்துறை என்றொரு பட்டணம். அங்கே பாட்டன் பூட்டன் காலத்து மரத்துறை ஒன்றில்தான் ஓடங்களைக் கட்டுவார்கள். தூண்களெல்லாம் உளுத்துப்போய்விட்டன. பெரிய கப்பல்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போயின.

"கல்லால் புதுத்துறை கட்டுவோம்" என்றார் துறைத்தலைவர் மருதப்பர்.

"முன்னோர் போட்ட மரத்தைத் தொடாதே!" என்றது பாதி ஊர்.

இப்படிச் சண்டை நடக்கையில் வந்து நின்றான் வஜ்ரதத்தன். பனை உயரம், கையில் கறுப்புக் கோல்.

"மூன்றே நாளில் கரைமணலில் கல்துறை எழுப்புவேன். மூன்றாம் நாள் மாலை அது தானே ஏரிக்குள் இறங்கும். கூலி வேண்டாம். அதுவரை கல்லின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, அவ்வளவுதான்."

ஊரே கைதட்டியது. பவளாயி மட்டும் தட்டவில்லை. பலகை இடுக்கில் பருத்தியைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசி, ஓடங்களைப் பழுதுபார்க்கிறவள் அவள்.

"கூலி கேட்காத கொத்தனை நம்பலாமா?" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் நாள். வஜ்ரதத்தன் கோலைத் தட்டினான். நண்பகலுக்குள் மணலில் மூன்று பெருங்கற்கள். எந்த வண்டியில் வந்தன? எந்த மலையில் வெட்டினான்? ஒருவரும் கேட்கவில்லை. அன்று மீன்பிடிக்கப் போன மூன்று ஓடங்கள் திரும்பவில்லை.

"எதிர்க்காற்று. அக்கரையில் ஒதுங்கியிருப்பார்கள்" என்றான் வஜ்ரதத்தன்.

இரண்டாம் நாள். ஏழு கற்கள் முளைத்தன. ஏழு ஓடங்கள் திரும்பவில்லை. ஏழாவது ஓடத்தில் போனவன் பவளாயியின் தம்பி சடையன்.

"கூலி கேட்காத கொத்தனை நம்பலாமா?" என்று தெருத்தெருவாய்க் கேட்டாள்.

"கல்துறை வந்தால் பெரிய கப்பல்தான் வரும். இவளுடைய ஓட்டை ஓடங்களை யார் சீந்துவார்? அதுதான் வயிற்றெரிச்சல்" என்று சிரித்தான் வஜ்ரதத்தன். ஊர் இப்போது அவளைச் சந்தேகமாய்ப் பார்த்தது.

மூன்றாம் நாள் காலை. "மிச்சமுள்ள எல்லா ஓடங்களும் புறப்படட்டும்! மாலையில் புதுத்துறையில் வந்து கட்டலாம்" என்றான் அவன். ஓடக்காரர்கள் துடுப்பெடுத்தார்கள்.

பவளாயி கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெயிலே ஏறாத நேரம், கல் ஏன் வெதுவெதுப்பாய் இருக்கிறது? நேற்று முளைத்த ஏழாவது கல்லின் விளிம்பில் கோணலாய் ஒரு கோடு. விரலால் தடவினாள். பகீரென்றது. போன மாதம் சடையனின் ஓடத்தில் அவளே போட்ட ஒட்டு! கை நழுவிக் கோணலாய்ப் போனதற்கு, "ஏக்கா, என் ஓடத்துக்குத்தானா இந்த அழகு?" என்று அவன் சண்டை பிடித்திருந்தான்.

ஓடிப்போய் ஏரியில் குடம் முக்கினாள். மருதப்பர் குறுக்கே வந்தார்.

"பைத்தியமா உனக்கு? தண்ணீர் பட்டால் எல்லாம் பாழ்!"

"ஐயா, தண்ணீருக்குள் நிற்கப்போகிற துறை தண்ணீருக்குப் பயப்படுமா? ஒரே குடம். என் சந்தேகம் பொய்யானால் இந்த ஊரைவிட்டே போகிறேன்."

மருதப்பர் வஜ்ரதத்தனைத் திரும்பிப் பார்த்தார். அவன் முகம் வெளுத்திருந்தது. "கூலி கேட்காத கொத்தனை..." என்று முணுமுணுத்தபடி வழிவிட்டார்.

வஜ்ரதத்தன் கோலை ஓங்குவதற்குள் அவள் குடத்தைக் கவிழ்த்தாள். கல் நெளிந்தது, பலகையானது, ஓடமானது! உள்ளே சடையன் இருமிக்கொண்டே எழுந்தான்.

"அக்கா! ஓடமில்லாத ஏரி தனக்கே சொந்தமாம். அதற்குத்தான் எங்களைக் கல்லாக்கினான்!"

பிறகு என்ன? குடம், சட்டி, தொப்பி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் தண்ணீர் பறந்தது. பத்துக் கல்லும் பத்து ஓடமாயின. கடைசிக் குடத்தை மருதப்பரே மந்திரவாதியின் தலையில் ஊற்றினார். உப்புப் பொம்மை போல அவன் கரைந்தே போனான்.

தலைகுனிந்து நின்றார் மருதப்பர். "என் அவசரம்தான் இத்தனைக்கும் காரணம். இனி இந்த ஊருக்குப் புதுத்துறையே வேண்டாம்."

"வேணும் ஐயா," என்றாள் பவளாயி. "மரம் உளுத்தது நிஜந்தானே? நம்ம கையால, நம்ம கண்ணெதிரே கட்டுவோம்."

நான்கு வருடம் உடம்பு நோகக் கட்டினார்கள். உளுத்த தூண்களை மாற்றிய மரத்துறையும் சின்ன ஓடங்களுக்கென்று பக்கத்திலேயே நின்றது. முதல் பெருங்கப்பல் வந்த அன்று, "யாரிடம் அனுமதி கேட்பது?" என்றான் மாலுமி. ஊரார் கைகாட்டியது புதிய துறைத்தலைவி பவளாயியை.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்கேயிருந்து வர்றீங்க? என்ன கொண்டு வர்றீங்க? பதிலுக்கு என்ன வேணும்?"

"பொம்மனூர். பருத்தி. மீன்கருவாடு."

பவளாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கயிற்றை வீசுங்க!"

அன்று கொக்குத்துறையில் உலையேறாத வீடில்லை, ஒருவரும் பசியோடு படுக்கவுமில்லை.