கட்டத்துக்கு மேலே நின்ற எண்

கோவையில் ஒரு பட்டறையின் கணினிக்குள் ஒரு வரைபடமும் ஓர் அறிக்கையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தி வந்தன. இரும்பில் ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் மென்பொருள்தான் அவற்றின் வீடு. கணக்கு முடிந்ததும் எண்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அவற்றைக் கோடாக வரைவது வரைபடத்தின் வேலை. அந்தக் கோட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது அறிக்கையின் வேலை.

முன்பெல்லாம் இரண்டும் படாத பாடு பட்டன. பொறியாளர் ரெஜினா எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வைப்பாள். ஓர் அறிக்கை முடிய மூன்று நாள் ஆகும். கழுத்து வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே செய்வாள். போன மாதம் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் போதும், போன தடவை செய்த அறிக்கையைப் போலவே புதிதாக ஒன்று, வரைபடத்தோடு, டீ ஆறுவதற்குள் தயாராகிவிடும். ரெஜினாவுக்கு உயிர் வந்தது. வர வேண்டியதுதான், அதில் தப்பே இல்லை.

வரைபடத்துக்கும் அறிக்கைக்கும்தான் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வேலை வந்தது. எழுந்து நடக்க முடியாத நோயாளியை இருக்கையோடு தூக்கிக் கட்டிலில் இறக்கும் இரும்புக் கை. நூற்றைம்பது கிலோ பாரத்துக்குக் கணக்கு ஓடி முடிந்ததும், இரும்பின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று சொல்லும் எண்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் நூற்றெண்பதுக்குள். கடைசியாக, கை தூணோடு சேரும் மூட்டிலிருந்து ஓர் எண் மூச்சிரைக்க ஓடி வந்தது. அது இருநூற்று எண்பத்தேழு. அந்த இரும்பு தாங்கக்கூடியதோ இருநூற்றைம்பதுதான்.

"எனக்கு இடம் கொடு" என்றது எண்.

"என் கட்டம் இருநூறோடு முடிகிறது" என்றது வரைபடம். "போன மாதம் சக்கர நாற்காலிக்குப் போட்ட அளவு. ரெஜினா 'போன தடவை போலவே' என்றுதானே அழுத்தியிருக்கிறாள்?"

"கட்டத்தை உயர்த்து."

"உயர்த்தினால் மற்ற எண்கள் எல்லாம் தரையோடு ஒட்டிப் போகும். என் வளைவைப் பார். கெடுக்க மனசு வருமா?"

அறிக்கை நடுவில் புகுந்தது. "கல்யாண போட்டோவில் மருவைக் காட்டுவார்களா? நீ ஒருவன். இங்கே ஆயிரம் பேர் ஒழுங்காக நிற்கிறார்கள்."

"ஆயிரம் பேரும் ஒழுங்குதான். ஆள் விழுவது என்னால்" என்றது எண்.

வரைபடத்துக்கு உறுத்தியது. 'ஓர் எண் கட்டத்துக்கு வெளியே உள்ளது' என்று மஞ்சளில் ஒரு சீட்டு நீட்டியது. ஆனால் பொடி எழுத்தில், ஒரு மூலையில் நீட்டியது. ரெஜினா அப்போது தலைப்புக்கு நீலம் எடுப்பாக இருக்குமா, பச்சை எடுப்பாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சீட்டைப் படிக்காமலே மூடினாள். இருநூற்று எண்பத்தேழின் தலை கட்டத்தின் மேல் ஓரத்தில் வெட்டுப்பட்டது.

முதலாளி தெய்வசிகாமணி அறிக்கையைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார். "எத்தன நாளாச்சுங்க இதுக்கு?"

"அரை மணி நேரம் சார்."

"அரை மணி நேரத்துல இத்தனையும் பாத்துட்டீங்களா?"

"ஆமாங்க சார்" என்றாள் ரெஜினா. அந்த 'ஆமாம்' எத்தனை சுலபமாக வந்தது என்று அறிக்கையே ஆச்சரியப்பட்டது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைத் தூக்கும் சாமான் எதுவானாலும், அதைப் பற்றவைத்தவரே முதலில் ஏறி உட்கார வேண்டும். வெறும் மூட்டையை வைத்துப் பார்த்தால் மூட்டைக்குப் பயம் தெரியாது என்பார்கள். இந்தக் கையைப் பற்றவைத்தவர் திருமூர்த்தி. முப்பது வருஷமாக வெல்டர். இரண்டு மணல் மூட்டைகளோடு, மொத்தம் நூற்றைம்பது கிலோவாக, இருக்கையில் உட்கார்ந்தார். "தூக்குங்கப்பா" என்றார்.

இடுப்பு உயரம் போனதும் மூட்டில் இரும்புக் கை மடங்கிப் பிய்ந்தது. திருமூர்த்தி வலது கையை ஊன்றி விழுந்தார். மூட்டை ஒன்று அந்தக் கைமேலேயே விழுந்தது.

வண்டி வரும்வரை அவரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. ரெஜினாவைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எம்பட பத்தவெப்புத்தானுங்க மேடம் சரியில்லாம போச்சு. நீங்க கணக்கெல்லாம் அத்தன அழகாப் போட்டுக் குடுத்தீங்க. நாந்தான் கெடுத்துப்புட்டேன். மன்னிச்சுக்குங்க."

ரெஜினாவின் கையில் அறிக்கை இருந்தது. அதில் வரைபடம் தன் அழகான வளைவை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தது. பக்கத்துத் தாளில் 'முற்றிலும் பாதுகாப்பானது' என்று எழுதியிருந்த அறிக்கைக்கும் கூசியது.

"வயசாயிருச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்ல போல" என்றார் தெய்வசிகாமணி. "கை தேறி வந்தாலும் இனிமே வெல்டிங்ல விட வேண்டாம். கேட்ல உக்காத்தி வெச்சுக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவரும் ரெஜினாவைச் சந்தேகிக்கவில்லை. அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மேஜைக்குத் திரும்பிக் கட்டத்தை முந்நூறுவரை இழுத்தாள். இருநூற்று எண்பத்தேழு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. அது எங்கும் போயிருக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. அப்படியே மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூடாமல் பொத்தானை அழுத்தினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் திருத்திய அறிக்கை வந்து நின்றது. தேதி, அளவு, படம் எல்லாம் கச்சிதம். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி காலியாக இருந்தது. அதன்மேல் 'திருத்தத்துக்குக் காரணம்' என்று எழுதியிருந்தது.

"அதையும் நீயே நிரப்பிவிடேன்" என்றது வரைபடம், குரல் எழும்பாமல். "உனக்குத்தான் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லையே."

"முயன்று பார்த்தேன்" என்றது அறிக்கை. "எனக்கு வரவில்லை."

ரெஜினா 'அளவுகோலில் சிறு மாற்றம்' என்று தட்டினாள். அழித்தாள். 'புதிய பதிப்பின் அமைப்பினால்' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். வெளியே வேலை முடிந்து ஆட்கள் கைகால் கழுவப் போனார்கள். கடைசியில் அவள் எழுதியது இதுதான்: 'பற்றவைப்பில் குறையில்லை. எண் வந்திருந்தது. நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னேன்.'

அந்தப் பெட்டி நிரம்ப நாலு மணி நேரம் ஆனது.