கொழுப்பென்று ஒதுக்கியது

“நான் கொடுத்த மாத்திரைதான் அவனைக் கொன்னுடுச்சா, மேடம்?”

கேட்டவர் சிறுநீரக மருத்துவர் ஞானசீலன். கேட்ட இடம் பிணவறை.

மேசையில் எட்டு வயது இசக்கிராஜா. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அவனுடைய அம்மா பேச்சியம்மாள் தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள். போன வாரம் அம்மை போட்டது. ஐந்தே நாளில் போய்விட்டான்.

பேராசிரியர் சபுரா ஒரு காலத்தில் ஞானசீலனுக்கு நோயியல் பாடம் எடுத்தவர். நாலு வார்த்தையில் முடிகிற பதிலுக்கு இரண்டுதான் செலவழிப்பார்.

“தைமஸை எடு.”

ஞானசீலன் நெஞ்செலும்புக்குப் பின்னால் அந்தச் சுரப்பியைத் தேடினார். கொழுப்பை வழித்துத் தட்டில் ஒதுக்கிவிட்டு மறுபடி தேடினார்.

“காணோம், மேடம்.”

“எட்டு வயசுலயா?”

சபுரா தட்டைக் கிளறினார். சுருங்கிப்போன ஒரு துண்டை எடுத்து ஞானசீலன் கையில் வைத்தார்.

“கொழுப்புன்னு ஒதுக்கினியே.”

உள்ளங்கையை நிறைத்திருக்க வேண்டியது. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

“இங்க என்ன நடக்கும்?” சபுரா கேட்டார்.

“வெள்ளணு வளரும். எது நம்ம உடம்பு, எது வேத்து ஆள்னு கத்துக்கிட்டு வெளிய போகும்.”

“மாத்திரை?”

“அம்மா கிட்னிய உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு கொடுத்தேன். அது வெள்ளணுவ வளர விடல. வெளிய இருந்ததையும் அடக்கி வச்சிடுச்சு.” அந்தத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார். “அம்மை வந்தப்போ எதுத்து நிக்க ஒண்ணுமில்ல. நான்தான் மேடம்.”

சபுரா தேற்றவில்லை. அம்மா கொடுத்த சிறுநீரகத்தை எடுத்து இரண்டாகப் பிளந்து காட்டினார்.

“இது எப்படி?”

ஞானசீலன் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு.”

“வெளிய அவன் அம்மா நிக்கிறா. என்கிட்ட கேட்டதை அவகிட்டப் போய்க் கேளு.”

போனார். மன்னிப்பு கேட்கத்தான் போனார். வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யா, எங் கிட்னி பிள்ளைக்குச் சேரலையோ? அதான் போயிட்டானோ?”

ஞானசீலன் அழுதுவிட்டார்.

“சேர்ந்துச்சும்மா. கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுச்சு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அப்ப அத அவங்கிட்டயே வச்சுத் தச்சிருங்கய்யா.”