அப்பன் வீட்டு வாடகை

மூளையைத் தேயவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பம் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். செம்மாண்டபாளையத்தில் அது பொன்னுரங்கத்தின் குடும்பம். அவருக்கு மூன்று மகன்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை.

மூத்தவன் மருதாசலம் நூல் மில்லில் சூப்பர்வைசர். வருகிற வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்த நேரத்தில், சம்பளத்தில் வருமான வரி பிடித்துவிட்டார்கள். வயிறு எரிந்து ஆடிட்டரிடம் ஓடினான்.

"அப்பா பேர்ல இருக்கற வீடுதான? அவருக்கு வாடகை கொடுத்து ரசீது வாங்குங்க, வருமானத்துல கழிச்சுக்கலாம், வரி குறையும். ஆனா பொய்க்கணக்கு ஆகாது. நெசமாவே அவர் ஓனர், நீங்க வாடகைக்காரர்னு இருக்கணும்," என்றார் ஆடிட்டர். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அண்ணன் தம்பிகள் கூடி ஆலோசித்தார்கள்.

"வாடகைக்காரன்னா சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுண்ணா," என்றான் நடுவன் செங்கோடன்.

"ஏற்கெனவே அடிச்சிருக்குதேடா?"

"புடுங்கிட வேண்டியதுதான்."

காலண்டர், கண்ணாடி, காலமான அம்மாவின் படம் எல்லாம் தரைக்கு வந்தன. கடைக்குட்டி காளியப்பன் மாடிக்குப் போய், "ஓனருங்க, மோட்டார் எப்பப் போடுவீங்க?" என்று பெற்ற தகப்பனிடம் பணிவாகக் கேட்டான்.

பொன்னுரங்கம் மட்டும் சளைத்தவரா? புகுந்த வீட்டிலிருந்து சீராட வந்திருந்த சொந்த மகளைக் காட்டி, "உங்க வீட்டு விருந்தாளி எப்பங்க கிளம்புவாங்க? தண்ணி செலவாகுது," என்றார். அவள் அன்றைக்கே பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"இல்லீங்க. நாளைக்குத்தான் எனக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க," என்றான் மருதாசலம்.

"அப்ப மன்னிச்சுக்குங்க. கல்யாணம் ஆகாத பசங்களுக்கு நான் வீடு விடறதில்லீங்க."

மருதாசலம் தம்பிகளைப் பார்த்தான். வருகிறவர்களுக்கு எந்த வீட்டைக் காட்டுவது? செங்கோடன்தான் தேற்றினான்: "அவரைச் சொல்லி என்னண்ணா? எந்த ஓனர்தான் விடறாரு?"

மூவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிரே இருந்த புளியமரத்தடிக்குக் குடிபோனார்கள். அம்மா படத்தை மட்டும் மரத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள்.

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை. மாப்பிள்ளை மரத்தடியில்.

"சொந்த வீடுன்னு சொன்னாங்களே?"

"எங்கப்பாவுக்குச் சொந்தங்க. என்னைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

பெண் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் வீடு பிடித்துப்போயிற்று. குடும்பஸ்தர் வேறு. பொன்னுரங்கம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மருதாசலம் அழுதேவிட்டான். காளியப்பன் தோளைத் தட்டினான். "அழாதண்ணா. குடித்தனக்காரங்க உன்னாலதான வந்தாங்க? ஓனர்கிட்ட ஒரு மாச வாடகை கமிஷன் கேளு."

கேட்டான். பொன்னுரங்கம் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். பணம் கைக்கு வந்த பிறகுதான் மருதாசலத்துக்கு உறைத்தது.

"ஐயோ, இதுவும் வருமானமாச்சே! இதுக்கும் வரி கட்டணுமேடா!"

"பதறாதண்ணா," என்றான் செங்கோடன். "மரம் யாருதுன்னு விசாரிச்சு, வாடகை கொடுத்து ரசீது வாங்கிடலாம். டேய் காளியப்பா, மொதல்ல அந்த ஆணியைப் புடுங்கு."