பேர் கூப்பிட்ட முரசு

ஒரே ஒரு காட்டுல, ஒரே ஒரு ஆத்தங்கரையில, ஒரு பள்ளிக்கூடம் இருந்ததாம். யானைக்குட்டி, குரங்குக்குட்டி, முயல்குட்டி எல்லாம் அங்கேதான் படிச்சதாம். டீச்சரம்மா யாரு தெரியுமா? ஆமை. ரொம்ப நல்ல டீச்சர். ஆனா பெரிய சத்தம் கேட்டா மட்டும் தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்குவாங்களாம். இதை ஞாபகம் வச்சுக்கோ.

அந்த வருஷம் ஆடிக்காத்துல பள்ளிக்கூடத்துக் கூரை பறந்து போச்சாம். ஐப்பசி மழைக்குள்ள புதுசா போட்டாகணும். டீச்சரம்மா யோசிச்சாங்க, யோசிச்சாங்க, யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆமையாச்சே! அதுக்குள்ள நரி வந்து நின்னதாம்.

“டீச்சர், பாடம் நடத்தறது உங்க வேலை. கூரையை என்கிட்ட விடுங்க. வீட்டுக்கு ஒரு கூடை மொச்சை வாங்கறேன். அதைக் கொடுத்துப் பக்கத்துக் காட்டுல ஓலை வாங்கிடலாம்.”

“எல்லா வீட்டுக்கும் ஒரே கூடையா?”

“எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுதானே நியாயம்?”

டீச்சரம்மாவுக்கும் அது நியாயமாத்தான் பட்டதாம். உனக்கும் அப்படித்தானே தோணுது? ஆனா யானைக்கு ஒரு கூடை மொச்சை ஒரு வாய். அணில் வீட்டுல ஒரு கூடை மொச்சைன்னா, மழைக்காலம் முழுக்கச் சாப்பாடு.

அந்தப் பள்ளிக்கூடத்துல கீச்சுன்னு ஒரு அணில்குட்டி படிச்சது. அதுக்கு அம்மா மட்டும்தான்.

மறுநாள் காலையில பிரேயர் முடிஞ்சதும் நரி ஒரு முரசைக் கொண்டுவந்து வச்சதாம்.

“யானை வீடு, ஒரு கூடை! டும்! குரங்கு வீடு, ஒரு கூடை! டும்! அணில் வீடு, ஒண்ணுமில்லை! டும் டும் டும்! கீச்சு, எழுந்து நில்லு!”

முதல் டும்முக்கே டீச்சரம்மா தலையை இழுத்துக்கிட்டாங்க. பேர் எதுவும் அவங்க காதுல விழலை. கீச்சு மட்டும் வாலைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு நின்னதாம்.

வீட்டுக்கு வந்து சொன்னது. அம்மா பானையில இருந்த மொச்சையில பாதியை எடுத்துக் கொடுத்தா. ரெண்டாம் நாள், “அணில் வீடு, அரைக்கூடை! அரைக்கூடைக்கு அரைக்கூரையா போடறது? டும் டும் டும்! கீச்சு, நில்லு!”

அம்மா கூட்டுல மெத்தையா விரிச்சிருந்த பஞ்சைக் குரங்குகிட்டக் கொடுத்து, கால் கூடை மொச்சை வாங்கிக் கொடுத்தா. மூணாம் நாள், “அணில் வீடு, இன்னும் கால் கூடை பாக்கி! டும் டும் டும்! கீச்சு, நில்லு!”

நாலாம் நாள் கீச்சு எழுந்திரிக்கவே இல்லை.

“அம்மா, வயிறு வலிக்குது.”

அம்மா வயித்தைத் தொட்டுப் பார்த்தா. வலி வயித்துல இல்லை, அந்த முரசுலதான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. மீதி மொச்சையைக் கொடுத்தா மழைக்காலத்துல குழந்தை பட்டினி. கொடுக்கலைன்னா குழந்தை நிக்கணும். படிப்பே வேண்டாம், பேரை அடிச்சிடச் சொல்லிடலாம்னு கீச்சுவைக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாளாம். அங்க போனா அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கறாங்க. கீச்சுவை அதோட இடத்துல உக்கார வச்சுட்டு, அவ ஓரமா ஒதுங்கிட்டா. நரி முரசடிக்கக் கையை ஓங்கிடுச்சு.

அப்போ கடைசி வரிசையிலேர்ந்து ஒரு குரல். கழுதை! ஒண்ணாம் வகுப்புலயே ஏழு வருஷமா இருக்கற கழுதை.

“நரியண்ணே, ஒரு சந்தேகம். கூரைக்கு எதுக்கு மொச்சை?”

“ஓலை வாங்கடா, மண்டு!”

“ஓலையா? ஆத்தங்கரை பனைமரத்தடியில விழுந்து கெடக்கே. நான் தினமும் அது மேலதானே படுத்துத் தூங்கறேன்?”

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ஆனா டீச்சரம்மா சிரிக்கலை. முரசடிக்காததால அன்னைக்குத்தான் அவங்க தலை வெளியில இருந்தது. முதல்ல கழுதையைப் பார்த்தாங்க. அப்புறம், யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்ன கீச்சுவைப் பார்த்தாங்க.

“ஏம்மா நிக்கறே?”

“பழகிடுச்சு டீச்சர்.”

டீச்சரம்மாவுக்கு ஓட்டுக்குள்ள போயிடலாம் போல இருந்ததாம். ஆனா போகலை.

“இனிமே யாரும் வீட்டிலேர்ந்து எதுவும் கொண்டுவர வேண்டாம். வர்ற வழியில விழுந்து கெடக்கற ஓலை இருந்தா இழுத்துட்டு வாங்க. முடியலையா, நீங்க மட்டும் வாங்க. யாரு எவ்வளவுன்னு யாரும் கேக்கக் கூடாது.”

யானைக்குட்டி கட்டுக் கட்டாக் கொண்டுவந்தது. கீச்சு ஒரே ஒரு நார் கொண்டுவந்தது. எல்லாம் ஒரே குவியல்ல விழுந்தது. தூக்கணாங்குருவிங்க உக்காந்து பின்னிக் கொடுத்தாங்க. எது யாரோட ஓலைன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியலை.

அந்த மொச்சை எல்லாம் என்னாச்சுன்னு கேக்கறியா? முதல் தூறல் போட்டதும் நரியோட குகையிலேர்ந்து ஒரு பச்சைக்கொடி வெளிச்சத்தைத் தேடி வெளியில வந்ததாம். கழுதை அதைத் தின்னுக்கிட்டே போச்சு, போச்சு, உள்ளேயே போயிடுச்சு. பார்த்தா, குகை நிறையக் கூடை, கூடை நிறைய முளைவிட்ட மொச்சை!

“தானா முளைச்சதுடா!”ன்னுது நரி.

“சரிதாண்ணே. கூடையுமா முளைச்சுது?”ன்னுது கழுதை.

யானைக்குட்டி முரசைத் தூக்கிக்கிட்டு ஓடிவந்தது. “நரியை நடுவுல நிக்க வச்சுப் பேரைச் சொல்லி அடிக்கலாம்!”

கீச்சு குறுக்கே வந்தது. “வேண்டாம். நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அதனால டீச்சரம்மா வேற ஒரு தண்டனை சொன்னாங்க. முளைச்ச மொச்சையைச் சுமந்துக்கிட்டுப் போயி, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நரியே நட்டுப் பந்தல் போடணும். காய்க்கற வரைக்கும் காவல் இருக்கணும். எல்லா வீட்டுலயும் காய்ச்சு முடிச்ச அப்புறம்தான் அதுக்கு ஒரு காய். அதுவரைக்கும் கீச்சு வீட்டுக்கு மொச்சை? ஒருநாள் காலையில வாசல்ல ஒரு கூடை இருந்தது. யாரு வச்சதுன்னு அம்மாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

முரசு? கூரையில கடைசியா ஒரு ஓட்டை மிச்சம் இருந்ததாம். முரசுத்தோலைக் கிழிச்சு அதுல வச்சுத் தைச்சுட்டாங்க. மழை வந்தா டும் டும்னு சத்தம் கேக்கும். யார் பேரையும் கூப்பிடாது. டீச்சரம்மாவும் தலையை இழுத்துக்க மாட்டாங்க. அதுக்குக் கீழே கீச்சு உக்காந்து படிக்கும்.

கூரையும் ஆச்சு, கதையும் ஆச்சு. காலையில வயிறு வலிச்சா எதுனால வலிக்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லணும், என்ன?