வரலையா என்றொரு நாய்

மலைக்குப் போகிற பாதையில், ஏற முடியாதவர்கள் தங்கிவிடுகிற சத்திரம் ஒன்று இருந்தது. கூட வந்தவர்கள் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் சிலர் அங்கேயே செத்துப்போவார்கள். அவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றுகிறவள் சாமியம்மா.

சத்திரத்தில் ஏழு நாய்கள். ஏழுக்கும் சோறு வைப்பது அவளுடைய சீடன் அங்கப்பன். ஐம்பத்தெட்டு வயது. சாமியம்மாவைவிடப் பதினைந்து வருஷம் மூத்தவன். அதற்காக அவள் அவனை நீங்க என்று சொன்னதில்லை. அவளுக்கு மனுஷனும் நீதான், நாயும் நீதான், மலைமேல் இருக்கிற சாமியும் நீதான்.

அன்றைக்குக் காலையில் வளையல் வியாபாரி ஒருவன் செருப்பு அறுந்துபோய் வாசலில் உட்கார்ந்திருந்தான். அங்கப்பன் சோற்றுச் சட்டியோடு வந்து கூப்பிட ஆரம்பித்தான்.

"மாட்டைக் கட்டு."

ஒரு செவலை நாய் எழுந்து வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

காதறுந்த கறுப்பு நாய் வந்தது.

"ஏனுங்க பெரியவரே," என்று வியாபாரி சிரித்தான். "நாயைக் கூப்பிடறீங்களா, பண்ணையாளுக்கு வேலை சொல்றீங்களா?"

"பேருங்க."

"இதெல்லாம் ஒரு பேரா? எங்க ஊர்ல மணின்னு வைப்போம். வாய்க்கும் வசதி, நாய்க்கும் வசதி."

"இங்க சாகறவங்க கடைசியா என்ன சொல்றாங்களோ, அடுத்து வந்து சேர்ற நாய்க்கு அதுதான் பேரு. சாமியம்மா வைக்கிறது."

வியாபாரி செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அப்ப இந்தச் செவலை?"

"ஒரு குடியானவர். மழை வர்ற மாதிரி இருக்கு, மாட்டைக் கட்டுன்னாராம். மாடு மூணு நாள் நடைக்கு அந்தாண்ட நின்னுச்சு."

"கறுப்பு?"

"ஒரு அம்மா பாயசம் கேட்டுச்சாம். ஊத்தியிருக்காங்க. இன்னும் கொஞ்சம்னுச்சாம்."

அங்கப்பன் மூன்றாவது நாயைக் கூப்பிட்டான். "வலிக்கலை." வெள்ளை நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டு நாளா கத்துன பிள்ளைத்தாய்ச்சிங்க."

வியாபாரி அதற்கப்புறம் சிரிக்கவில்லை. சுவரோரம் படுத்திருந்த ஒரு சாம்பல் நாயைக் காட்டினான். வயிறு ஒட்டிக் கிடந்தது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அது?"

"அதுக்குப் பேர் இல்லைங்க," என்றான் அங்கப்பன். ஒரு கவளம் சோற்றை அதன் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வியாபாரி செருப்பை நாரால் கட்டிக்கொண்டு நடந்தான். பாதை திரும்புகிற வரைக்கும் அவன் வளையல் சத்தம் கேட்டது.

சாமியம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தாள்.

"பேர் இல்லையா அதுக்கு?"

அங்கப்பன் சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டினான்.

"மூணு நாளா திங்கலை. கூப்பிட்டு வச்சுப் பாரு."

"எனக்கு வாய் வரலை, சாமி."

அதன் பெயர் வரலையா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கப்பன் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தான். மகன் தனவேல் மலைக்குப் போனவன், சத்திரத்தில் பேதி கண்டு கிடப்பதாக ஒரு வண்டிக்காரன் வந்து சொன்னான். அன்றைக்குத்தான் காளவாயில் தீ போட்டிருந்தது. பாதியில் விட்டால் அது கல்லாகவும் இருக்காது, சுண்ணாம்பாகவும் ஆகாது. தீ அடங்கட்டும், கிளம்பிவிடலாம் என்று இருந்தான். ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தபோது, எரித்த இடத்தைத்தான் காட்டினார்கள்.

நாய்களின் பெயர் விவரம் தெரிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"என் மகனோடது எந்த நாய், சாமி?"

சாமியம்மா சட்டியை அவன் கையில் கொடுத்தாள். சாயங்காலம் அவள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதைக் கேட்டான். வரலையா என்று அவள் கூப்பிட்டதும் இந்தச் சாம்பல் நாய் ஓடி வந்தது. அதோடு அவன் கேட்பதை விட்டுவிட்டான். ஊருக்கும் திரும்பவில்லை.

"மூணு வருஷத்துல ஒரு தரமாவது அந்தப் பேரைச் சொல்லியிருக்கியா?" என்றாள் சாமியம்மா.

"எப்படி சாமி சொல்லுவேன்? என் மகன் என்னைக் கேட்ட கேள்வி அது."

"யாரு சொன்னா உனக்கு?"

"வேற யார் சொல்லணும்?"

சாமியம்மா சுவரோரம் உட்கார்ந்து நாயின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கினாள்.

"அது ஒரு பூக்காரி சொன்னது. உன் மகன் வர்றதுக்கு முந்தின மாசம். மகளைப் பாக்கணும்னு கிடந்தா. ஆள் அனுப்பினோம்."

"மக வரலையா?"

"வந்துட்டா. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தா. கிழவிக்குக் கண்ணு போயிடுச்சு, கையும் மரத்துப்போச்சு. வரலையா, வரலையான்னு கேட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்தா."

அங்கப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப என் மகனோடது எது?"

"எதுவும் இல்லை."

"ஒண்ணுமே சொல்லாமலா போனான்?"

"தெரியாது."

"சாமி."

"அன்னிக்குப் பதினோரு பேர் பேதியில கிடந்தாங்க. நான் கிணத்தடியில வேற ஒருத்தனுக்கு வாயைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்து பாத்தப்ப உன் மகன் முடிஞ்சு போயிருந்தான். என்ன சொன்னானோ. நான் கேக்கலை."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கினாள்.

"இத்தனை வருஷமா ஏன் சாமி சொல்லலை?"

"எந்த நாய்னு கேட்டே. அவன் பக்கத்துல யார் இருந்தாங்கன்னு நீ கேக்கவே இல்லை."

"யார் இருந்தாங்க?"

"இது இருந்துச்சு. அவன் காலடியில தலையை வச்சுப் படுத்திருந்தது. பாடையில தூக்கற வரைக்கும் எழுந்திருக்கலை. அவன் ஏதாவது சொல்லியிருந்தா, கேட்டது இது ஒண்ணுதான்."

அங்கப்பன் நாயைப் பார்த்தான். அதன் விலா ஏறுவதும் இறங்குவதும் முன்பைவிட மெதுவாகியிருந்தது. பக்கத்தில் போய்க் குந்தினான்.

"வரலையா," என்றான். அதன் காதருகே குனிந்து இன்னொரு தரம் சொன்னான்.

நாய் கண்ணைத் திறக்கவில்லை. வால் மட்டும் மண்ணில் ஒரு தரம் அசைந்தது.

முற்றத்தில் மற்ற நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. இன்னும் மூன்றுக்குச் சோறு வைக்கவில்லை. அங்கப்பன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அதுங்க பசியோட நிக்குது, சாமி. வச்சிட்டு வந்துடறேன். ஒரு நிமிஷம்."

சாமியம்மா சட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் வைக்கிறேன். நீ இரு."