நரி பார்க்காத நாக்குகள்

குளக்கரை நாவல் மரத்தடியில் நரி ஏகாம்பரம் காவல் காத்தது. ஆடிப் பௌர்ணமி விருந்து வரைக்கும் அந்த மரத்துப் பழத்தை யாரும் தொடக்கூடாது என்பது காட்டுச் சட்டம். தொட்டவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும், நாள்கணக்கில் நிற்கும். அதனால் நரியின் உத்தியோகம் மொத்தமும் ஒரே அதட்டல்தான்.

"நாக்கை நீட்டு!"

அதை யாரிடம் சொல்லும் என்பதில்தான் இருக்கிறது விஷயம். புள்ளிமான் போகும். "வாங்க, வாங்க! வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" முயல் போகும். "பார்த்துப் போப்பா, வெயில் ஜாஸ்தி!" காகம் வரும். "ஏய்! நில்லு! நாக்கை நீட்டு!" கரடிக்கும் அதே கதி. கருங்குரங்குக்கும் அதே கதி. உடம்பு கறுப்பாக இருந்தால் நாக்கை நீட்டியே தீரவேண்டும்.

மற்றவர்கள் பழம் தின்னவில்லையா? நல்லாக் கேட்டீர்கள் போங்கள்! காடே தின்றது. அந்த வாசனைக்கு யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆனால் நாக்கை நீட்டச் சொன்னால்தானே தெரியும்!

குளத்துக்கு மேற்கே ஒரு பாறைக்குகை. வாசலில் முள்படல். அதுதான் சிறை. நாள் ஆக ஆக உள்ளே மூச்சுவிட இடமில்லை. கரடி ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது. அது நினைத்தால் ஒரே தள்ளில் படலைச் சாய்த்திருக்கும். தள்ளினால், "பார்த்தீங்களா, முரட்டுக் கூட்டம்!" என்பார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாவல் மரத்தின் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் உச்சியில் கரிச்சான் குருவி நீலாயி கூடு கட்டியிருந்தது. கரிச்சான் தெரியுமில்லையா? கறுகறுவென்று இருக்கும், வால் இரண்டாகப் பிளந்திருக்கும். உருவம் சின்னது, ரோஷம் பெரியது. வல்லூறு வந்தாலும் மண்டையில் கொத்தி விரட்டும். அந்தத் தைரியத்தில்தான் மாங்குயில் தங்கலட்சுமி அதே மரத்தில் கீழ்க்கிளையில் குடியிருந்தது. மாங்குயிலுக்கு மஞ்சள் நிறமும் அழகும் உண்டு. சண்டை போடத்தான் தெரியாது.

ஒருநாள் காலையில் இரண்டும் நாவல் கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தங்கலட்சுமி பழத்தைத் தின்றது. நீலாயி பழத்திலிருந்த புழுவைத் தின்றது.

"ஏய், கரிச்சான்! கீழே இறங்கு! நாக்கை நீட்டு!"

நீலாயி நீட்டியது. லேசாக ஊதா.

"நான் பழம் தின்னலைங்க! புழுவைத்தான் தின்னேன்!"

"புழு எதைத் தின்னுச்சு?"

"பழத்தை."

"அப்போ புழு வழியா நீ பழம் தின்னிருக்கே! நட உள்ளே!"

"ஐயா, கூட்டுல மூணு குஞ்சு! இன்னும் கண்ணே திறக்கலை! இதுங்க அப்பனையும் போன வாரம் உள்ளே போட்டுட்டீங்க. யாருங்க இரை கொடுப்பா?"

"அதைத் தின்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!"

நரி மேலே பார்த்தது. "வணக்கம்மா!" என்றது. தங்கலட்சுமியின் வாய் நிறையப் பழம். பதில் சொல்ல முடியவில்லை. "என்ன அடக்கம், என்ன ஒழுக்கம்!" என்று மெச்சிக்கொண்டே நரி நீலாயியை இழுத்துப் போனது.

தங்கலட்சுமி பழத்தை விழுங்கியது. பேச வேண்டிய பேச்சையும் சேர்த்து விழுங்கியது. பயம்தான். ஆனால் பயத்தோடு, 'நல்லவேளை, என்னைக் கேட்கவில்லை' என்ற நிம்மதியும் இருந்தது. நான் அதைத் திட்டப்போவதில்லை. நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நீலாயியையும் பிடித்ததோடு காட்டில் பிடிப்பதற்குக் கறுப்பே மிச்சமில்லை. பழம் மட்டும் தினம் குறைந்துகொண்டே வந்தது.

தங்கலட்சுமிக்குத் தன் குஞ்சு இரண்டு, நீலாயியின் குஞ்சு மூன்று. ஐந்து வாய்க்கும் ஓடி ஓடி இரை தேடியது. ஐந்தாம் நாள் வல்லூறு வந்தது. குஞ்சுகள்மேல் தங்கலட்சுமி சிறகை விரித்துப் படுத்துக்கொண்டது. முதுகில் நாலு இறகு பிய்ந்து போயிற்று.

"கரிச்சான் இல்லாத மரம்! சாவகாசமா வரேன்!" என்று சிரித்துவிட்டுப் போனது வல்லூறு.

தங்கலட்சுமி நேராக நரியிடம் பறந்தது.

"ஐயா, என்னைப் பிடிங்க! நானும் பழம் தின்னேன்! இந்தாங்க!" நாக்கை நீட்டியது. அடர்ந்த ஊதா!

நரி ஆகாயத்தைப் பார்த்தது. "அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை போல. துளசி போட்டு வெந்நீர் குடிங்க."

"பழம் தின்ன நாக்குங்க இது!"

"உங்களை மாதிரி குடும்பத்துப் பறவை அதெல்லாம் செய்யுமா? கறுப்புங்கதான் திருடும். சந்தேகமா? சிறையைப் போய்ப் பாருங்க! ஒரு மஞ்சள் உண்டா? ஒரு புள்ளி உண்டா?"

"கறுப்பில்லாதவங்க நாக்கை எத்தனை தடவை பார்த்தீங்க?"

"அவங்கதான் திருட மாட்டாங்களே, எதுக்குப் பார்க்கணும்?"

"பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"அதான் சிறையில ஒருத்தரும் இல்லையே!"

"சரி! கறுப்பெல்லாம் உள்ளே இருக்கு. நேத்துப் பழம் குறைஞ்சுதே, யார் தின்னது?"

"காத்துல விழுந்திருக்கும்."

"விழுந்தது எங்கே?"

நரிக்கு அதற்குப் பதில் நன்றாகத் தெரியும். விழுந்த பழத்தையெல்லாம் விடியற்காலையில் அதுதான் பொறுக்கித் தின்றது. 'கீழே கிடந்ததுதானே' என்று ஒரு சமாதானம் வேறு.

பேச்சை மாற்ற நரி குளத்துப் பக்கம் நடந்தது. குளத்தில் குனிந்து தண்ணீர் குடிக்க நாக்கை நீட்டியது. தண்ணீருக்குள்ளிருந்து ஊதா நாக்கு ஒன்று அதையே பார்த்தது. இத்தனை நாள் எத்தனை பேரிடம் 'நாக்கை நீட்டு' என்றிருக்கிறது! தன்னிடம் ஒரு தடவை சொல்லிக்கொண்டதில்லை. நரி காதைத் தொங்கவிட்டுக்கொண்டு தலைவர் மயிலிடம் போனது. காடு கூடியது.

"எல்லாரும் நாக்கை நீட்டுங்க!" என்றது நரி. "தலைவரே, நீங்களும்."

"நானா! நான் யார் தெரியுமா?"

"தெரியும் தலைவரே. முதல்ல நான் நீட்டுறேன்."

நரி நீட்டியது. ஊதா! மான் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. தும்மல் வந்து மாட்டிக்கொண்டது. ஊதா! முயலைப் புதரிலிருந்து இழுத்து வந்தார்கள். ஊதா! மயில் தோகையால் முகத்தை மூடிக்கொண்டது. விலக்கிப் பார்த்தால், காட்டிலேயே அடர்ந்த ஊதா!

பிறகு முள்படலை நகர்த்தினார்கள். "நாக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்றது நரி. முதல் தடவையாகக் கெஞ்சிக் கேட்டது. கரடி காட்டியது. காகம் காட்டியது. நீலாயி காட்டியது. சிறையில் இத்தனை நாளும் கிழங்கும் தண்ணீரும் தவிர ஒன்றும் தொடாததால் சாயமே இல்லாத நாக்குகள். காட்டில் சுத்தமான நாக்கெல்லாம் சிறைக்குள்தான் இருந்தது.



"அப்போ... சட்டப்படி வெளியே இருக்கிறவங்க எல்லாம் உள்ளே போகணும்" என்று இழுத்தது மயில்.

"இடம் பத்தாது தலைவரே. நான் இருந்து பார்த்தவன்" என்றது கரடி. முள்படலைத் தூக்கிக் குளத்தில் வீசியது.

நீலாயி தீர்ப்புக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அம்பாகப் பறந்தது, குஞ்சுகளின் அப்பனும் பின்னாலேயே. வேப்பமரத்தில் வல்லூறு கூட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டையில் விழுந்தது ஒரு கொத்து! இன்னொரு கொத்து! வல்லூறு போன திசை தெரியவில்லை.

மூன்று குஞ்சும் உயிரோடு இருந்தன. கண் திறந்திருந்தன. நீலாயியைப் பார்த்து யாரோ என்று பயந்து ஒடுங்கின.

"அக்கா, என்னை மன்னிச்சிரு" என்றது தங்கலட்சுமி.

"அன்னைக்கே நாக்கை நீட்டியிருந்தா, இதுங்க முதல்ல என் முகத்தைப் பார்த்திருக்கும்."

தங்கலட்சுமி குஞ்சுகளை விட்டு ஒதுங்கி இடம் கொடுத்தது. நீலாயி அதன் பிய்ந்த முதுகைப் பார்த்தது. பறந்து போய் ஒரு புழுவைப் பிடித்து வந்து நீட்டியது.

"தின்னு. அஞ்சு பேருக்குத் தேடித் தேடி எலும்பும் தோலுமா ஆயிட்டே."

ஒரு நிறத்தை மட்டுமே சோதிக்கிறவருக்குக் குற்றமும் அந்த நிறத்தில் மட்டுமே தெரியும், ஆகையால் அடுத்தவரை நாக்கை நீட்டச் சொல்லுமுன் நம் நாக்கை நாமே நீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.